வெண்டல் கை தூக்காத ஞாயிறு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. அறுபது வருஷம் நைட்ரோ என்கிற பந்தய எரிபொருளின் புகை குடித்து வளர்ந்த இரண்டு நுரையீரல்கள் மீதும், இன்னும் முழுதாக இருக்கிற ஏழு கைவிரல்கள் மீதும் சத்தியம். எதையும் கூட்டவில்லை. ஒரே ஓர் இடத்தில் வேகத்தை அரை மைல் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதுவும் கேட்பவர்கள் நம்பமாட்டார்களே என்ற கூச்சத்தால்தான்.

2012 அக்டோபர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. கலிஃபோர்னியாவில் டூலி ஃப்ளாட்ஸ் என்ற ஊரின் பழைய விமான ஓடுபாதையில், எழுபத்தேழு வயது வெண்டல் ஸ்ட்ரவுட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெண்கலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். கால் மைல் நீளத்துக்குக் கார்கள் சீறிய இடத்தில் இன்று நூறு கஜம் தார் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் பாதாம் தோப்பு. வருஷத்துக்கு ஒருமுறை பழைய பந்தயக்காரர்கள் அங்கே கூடி, பழைய கார்களைத் தள்ளிக் கிளப்பி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் குரைக்கவிட்டு, இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு, பொய் சொல்லிவிட்டுக் கலைவார்கள்.

பலகையில் இப்படி எழுதியிருந்தது: "இந்த ஓடுபாதையில் மணிக்கு நூற்றெண்பது மைல் வேகத்தை முதலில் தாண்டியவர் வெண்டல் ஸ்ட்ரவுட். 14 அக்டோபர் 1962." அதன்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். வெண்டல் துணியைத் தூக்கிப் பார்ப்பது அன்று காலையில் நாலாவது தடவை.

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், துணியை விடுங்க. பலகை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் லோர்னா பியாட். மாவட்ட அருங்காட்சியகத்தின் செயலாளர். கையில் அட்டை, அட்டையில் படிவம், காதில் இன்னொரு பேனா.

"யாரு கண்டா. இந்த ஊர்ல நிக்க வேண்டியதெல்லாம் ஓடியிருக்கு."

"மூணு கையெழுத்து வேணும். ஓட்டினவர், எதிர்த்து ஓட்டினவர், உங்க வண்டியத் தள்ளினவர். நடுப்பகலுக்குள்ள மூணும் வந்தா பலகை சுவத்துல ஏறும். இல்லேன்னா என் வேன்ல ஏறும்."

"என் கையெழுத்துதான் போட்டாச்சே."

"ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. மிசஸ் ஸ்ட்ரவுட்தான் பாக்கி. மிஸ்டர் சூசாவும். நான் பெருசா ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கண்ணால பார்த்தது என்னன்னு கேப்பேன். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' காதில் விழுந்ததும் வெண்டல் துணியை இழுத்துப் பலகையை மூடினார். ஐம்பது வருஷமாக இந்த ஊர் காப்பிக்கடையில் ஜன்னலோர நாற்காலி அவருக்கென்று ஒதுங்கியிருப்பது அந்த நூற்றெண்பதால்தான். சவரம் செய்யாமல் போனாலும் அவரை மதித்தார்கள் என்றால் அதனால்தான். அந்த நூற்றெண்பது எப்படி வந்தது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான்.

அந்தக் காலத்துப் பந்தயக் காருக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. ஸ்டார்ட்டர் என்பது எடை. எடை என்பது தோல்வி. காருக்குப் பின்னால் இன்னொரு வண்டி முட்டுக் கொடுத்துத் தள்ளும். எஞ்சின் பிடித்ததும் ஓட்டுகிறவர் கையைத் தூக்குவார். தள்ளுகிறவர் கையைப் பார்த்து விலகி நிற்பார். கை தூக்காதவரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயத்தில் இருந்த ஒரே சட்டம் இதுதான், மற்றதெல்லாம் அபிப்பிராயம். தள்ளுகிற வேலை வழக்கமாக மனைவிக்கு. வெண்டலுக்குத் தள்ளியவர் அவருடைய மனைவி ஆர்டித். தள்ளிய வண்டி, பக்கத்து ஊர்ச் சவ அடக்கக்காரர் கழித்துக்கட்டிய அமரர் ஊர்தி. பந்தயக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சவப்பெட்டியை உள்ளே தள்ளப் பதித்த உருளைகளின்மேல் ஓர் எஞ்சினை ஒரே ஆளாக ஏற்றிவிடலாம்.

வெண்டலுக்கு எடை என்றால் வெறி. கனமான எதைக் கண்டாலும் துளை போடுவார். பெடலில் துளை, இருக்கையில் துளை, ஸ்டியரிங்கில் துளை. காரில் துளை போட இடம் தீர்ந்ததும் ஸ்பானர்களில் போட்டார். ஸ்பானர்கள் காரில் போகப்போவதில்லை என்று ஆர்டித் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் சூப் கரண்டியில் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சூப் கிடையாது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து சாப்பாட்டை நிறுத்துவார். கல்யாண மோதிரத்தைக் கழற்றிவைப்பார். மீசையைக்கூட எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் மழித்தார்.

அவரிடம் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று சுமார். இன்னொன்று சிங்கம். அந்த அக்டோபரில் சிங்கம் இருந்தது அமரர் ஊர்திக்குள். மலைச்சாலையில் டிரெய்லரை இழுக்கப் பழைய எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை என்று தற்காலிகமாக மாட்டியிருந்தார். சனிக்கிழமை கழற்றிக் காரில் மாட்டுவதாகத் திட்டம். ஆனால் சனிக்கிழமை முழுக்க அவர் துளை போட்டுக்கொண்டிருந்தார். நானூற்றுப் பதினோரு துளைகள் நல்ல துளைகள். நானூற்றுப் பன்னிரண்டாவது, எரிபொருள் தொட்டியைத் தாங்கும் பட்டையைத் தாண்டித் தொட்டிக்குள்ளேயே போய்விட்டது. ஞாயிறு காலை வீட்டிலிருந்து ஓடுபாதை வரை நைட்ரோ சொட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சாலையோரத்தில் இன்றுவரை ஒரு கோடு மாதிரிப் புல் முளைப்பதில்லை.

வெயில் நூற்று நாலு டிகிரி. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது என்று அன்று வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

எதிரே டெல்பர்ட் சூசா. மாட்டுப் பண்ணைக்காரர். காரில் உட்கார்ந்தால் பால் வாசனையும் நைட்ரோவும் சேர்ந்து வரும். அவர் கார் கிளம்பி, கோட்டில் வந்து நின்று, குரைத்தது. நைட்ரோ புகை பட்டதும் கூட்டம் மொத்தமும் வழக்கம்போல அழ ஆரம்பித்தது. ஒருமுறை இப்படி அழுத கூட்டத்தைப் பார்த்துவிட்டு வழிப்போக்கரான ஒரு பாதிரியார் இறங்கிவந்து பிரார்த்தனை நடத்திவிட்டுப் போனதுண்டு.

வெண்டல் பின்சக்கரங்களுக்கும் பின்னால், கவணில் வைத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆர்டித் தள்ளினார். எஞ்சின் பிடிக்கவில்லை. தொட்டியில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. வெண்டலுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது கண்ணை மூடிக்கொள்வார், காலைக் கிளட்சில் அழுத்திவைத்திருப்பார். அவர் கை தூக்கவில்லை. ஆகவே ஆர்டித் நிறுத்தவில்லை. கோடு வந்தது. கோட்டில் கொடியோடு நின்றிருந்தவர், நிற்காமல் வருகிற காரைப் பார்த்து உயிருக்குப் பயந்து துள்ளினார். அந்தக் காலத்தில் விளக்கெல்லாம் கிடையாது. கொடிக்காரர் துள்ளினால் பந்தயம் ஆரம்பம். டெல்பர்ட் மிதித்தார். பயத்தில்தான் துள்ளினேன் என்று கொடிக்காரர் சாகும்வரை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

டெல்பர்ட்டின் டயர்கள் கால் மைலும் புகைந்தன. காற்று குறுக்கே அடித்தது. கண்ணீரும் புகையுமாக இருந்த கூட்டத்துக்கு வெண்டலின் மூக்கு மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு போவது தெரிந்தது. பின்னால் சிங்கம் கர்ஜித்தது. அது யாருடைய சிங்கம் என்று யார் கேட்பார்கள். கடைசிக் கோட்டில் வேகம் கணிக்கிற மெர்ல் என்பவருடைய கடிகாரம் நூற்று எண்பத்தொன்று காட்டியது. மெர்லுக்கு ரசிகர்களை வெறுங்கையோடு அனுப்பப் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம்தான் என்றாலும், அன்று அவரே எண்ணைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

வெண்டல் கண்ணைத் திறந்தபோது தன் எஞ்சின் சாதுவாக இருப்பதைக் கண்டார். பழக்கதோஷத்தில் பாராசூட் கயிற்றை இழுத்தார். அது விரிந்து பின்னால் வந்த அமரர் ஊர்தியின் கண்ணாடியைப் போர்த்தியது. இரண்டு வண்டியும் வேலியைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்குள் போய் நின்றன. பருத்தி வெடித்திருந்த நேரம். வெள்ளைக் காட்டில் வெள்ளைப் பாராசூட்டைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு அரை மணி நேரமாயிற்று. தள்ளிய வண்டி ஓட்டம் முடிந்ததும் காரைக் கூட்டிவரப் போவது வழக்கமாகையால், அது அங்கே நின்றதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வெண்டலைத் தோளில் தூக்கினார்கள். இறக்கி வைக்கச் சொல்லித் தெளிவாகப் பேச அவருக்கு அப்போது நேரமில்லை. பிறகு ஐம்பது வருஷம் நேரமில்லாமலே போய்விட்டது.

ஆர்டித் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு என் ஹெல்மெட்டைத் தவிர என்ன தெரிந்திருக்கும், இரைச்சலில் எந்த எஞ்சின் எது என்று எப்படிப் புரிந்திருக்கும் என்று வெண்டல் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஆர்டித் கூடாரத்தடியில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தார். அதே துளைக் கரண்டியால்.

"ஆர்டித், அந்த லோர்னா உன்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க" என்றார் வெண்டல்.

"கேக்கட்டும்."

"நீ பின்னால இருந்தேன்னு சொன்னாப் போதும்."

"பின்னாலதான இருந்தேன்."

"அதான் சொல்றேன்."

"எவ்வளவு பின்னாலன்னு கேட்டா?"

வெண்டல் பீன்ஸைப் பார்த்தார். "அதெல்லாம் கேக்கமாட்டாங்க."

ஆர்டித் கரண்டியைத் தட்டிவிட்டு வைத்தார். "இன்னிக்கும் வண்டியத் தள்ளிக் கிளப்பணுமாமே. இன்னிக்காவது கையத் தூக்குவியா?"

சுட்டுக்கொண்டிருந்த இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டி நெருப்பு ஒருமுறை எழும்பி அடங்கியது.

"உனக்குத் தெரியுமா?"

"அரை டன் இரும்ப நூத்தி எண்பத்தொண்ணுல தள்ளியிருக்கேன். தெரியாம இருக்குமா? உனக்குத்தான் தெரியாதுன்னு இருந்தேன். கண்ண மூடிக்கிட்டு இருந்தியே."

"மூடிட்டு இருந்தேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கல்யாணத்துலயே மூடிட்டுத்தான நின்ன."

வெண்டல் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த. துளை போடறதையும் அத்தோட விட்டுட்ட. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டேன்." அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். "கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. இன்னிக்கு நான் முன்னால உக்காருவேன். நீ தள்ளு."

"நீ எதுக்கு?"

"அங்கேர்ந்து எப்படி இருக்கும்னு பாக்கணும். அம்பது வருஷமா உன் மண்டையோட பின்பக்கத்தத்தான் பாத்திருக்கேன்."

லோர்னா வந்தார். கேள்வியைக் கேட்டார். சம்பவ நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

"அவருக்குப் பின்னால."

"எவ்வளவு தூரத்துல?"

"தூரமெல்லாம் இல்ல. ஒட்டிக்கிட்டுத்தான்."

லோர்னா 'மிக அருகில்' என்று எழுதினார். ஆர்டித் கையெழுத்துப் போட்டார். 

பதினொன்றரை மணிக்கு, புதுப்பித்து வைத்திருந்த பழைய காரில் ஆர்டித் ஏறினார். எழுபத்தைந்து வயதில் அந்தக் கூண்டுக்குள் காலை மடக்கி நுழைய இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஹெல்மெட் போட்டதும் ஆள் யாரென்றே தெரியவில்லை. பின்னால் டெல்பர்ட்டின் பண்ணையிலிருந்து இரவல் வாங்கிய பிக்கப்பில் வெண்டல். கூட்டம் கைதட்டியது.

"மெதுவா தள்ளுய்யா. அது என் மாட்டுக்குத் தீவனம் ஏத்தற வண்டி" என்றார் டெல்பர்ட்.

வெண்டல் தள்ளினார். இருபது கஜத்தில் எஞ்சின் பிடித்தது. இந்த முறை தொட்டியில் துளை இல்லை. காது கிழியக் குரைத்தது. கூட்டம் பழையபடி அழ ஆரம்பித்தது. ஆர்டித் கை தூக்குவதற்காக வெண்டல் காத்திருந்தார். கை தூக்கப்படவில்லை. ஐம்பது கஜம். எண்பது. எஞ்சின் பிடித்தது ஊருக்கே கேட்கிறது, முன்னால் இருக்கிறவருக்குக் கேட்கவில்லையா? ஆனால் சட்டம் சட்டம்தான். வெண்டல் ஸ்ட்ரவுட் வாழ்க்கையில் எதை மீறினாலும் அதை மீறியவரில்லை. புகை கண்ணாடியை மறைத்தது. தார் முடிந்தது. மரங்கள் வந்தன. வேகமுள் பதினாலு காட்டியது. பதினாலு மைல் வேகத்தில், எதிரே ஒன்றும் தெரியாமல், முன்னால் போகிற ஆளை நம்பிப் போவது என்றால் என்னவென்று வெண்டலுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அவர் கத்தினார். என்ன கத்தினார் என்பது அவருக்கே நினைவில்லை. ஆர்டித்தின் பெயராக இருக்கலாம்.

பாதாம் மரம் ஒன்றின்மேல் கார் செல்லமாக முட்டி நின்றது. இலை உதிர்ந்தது. அப்புறம்தான் ஆர்டித் கையைத் தூக்கினார்.

வெண்டல் இறங்கி ஓடினார், அந்த வயதில் எப்படி ஓட முடியுமோ அப்படி. "அடிபட்டுச்சா?"

ஆர்டித் ஹெல்மெட்டைக் கழற்றினார். முடியெல்லாம் இலை. "நல்லா இருக்கு வெண்டல். நல்ல காத்து. நீ ஏன் வெளிறிப்போயிருக்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணாடி முழுக்கப் புகை."

"எனக்குப் பாராசூட்" என்றார் ஆர்டித்.

வெண்டல் அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூற்று எண்பத்தொன்றில், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி, இவள் பிரேக் போட்டுத் தன்னைப் பருத்திக்குள் பத்திரமாக இறக்கியிருக்கிறாள். தான் அப்போது செய்த ஒரே காரியம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் வெண்கலம்.

நேரே ஒலிபெருக்கிக்குப் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். துளை, தொட்டி, சிங்கம், கொடிக்காரர், பாராசூட். "அன்னிக்கு என் எஞ்சின் ஓடவே இல்ல. நூத்தி எண்பத்தொண்ணு போனது ஆர்டித். நான் சும்மா முன்னால உக்காந்திருந்தேன்."

 கூட்டம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் புருஷனை முழங்கையால் இடித்தார். "பாத்துக்கோ. பெண்டாட்டிக்காக ரெக்கார்டையே விட்டுக்குடுக்கறார். நீ டி.வி. ரிமோட்டக் குடுக்கமாட்ட."

ஆர்டித் ஒலிபெருக்கியை வாங்கி, "அவர் சொல்றது நிஜந்தான்" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இப்படி ஒத்துப்போகிற ஜோடியை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது.

வெண்டல் லோர்னாவிடம் போனார். "என் கையெழுத்த அடிச்சிடுங்க. ரெண்டையும்."

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், அடக்கம் ரொம்ப நல்ல குணம். படிவத்துல அதுக்கு இடம் இல்ல."

"அப்போ உண்மைக்கு?"

"வெண்கலம் வார்த்தாச்சு" என்றார் லோர்னா, ஒரு மரணச் செய்தியைச் சொல்கிற பணிவோடு.

கடைசி நம்பிக்கை டெல்பர்ட். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெண்டல் அவரைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனார். "டெல்பர்ட், நீ பக்கத்துப் பாதையில வந்தவன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லித் தொலை."

டெல்பர்ட் மெல்ல மென்றுகொண்டிருந்த இறைச்சியை விழுங்கினார். "தெரியும். பாத்தேன். ஜன்னல் திரை, குஞ்சம், எல்லாத்தையும் பாத்தேன். உன் பெண்டாட்டி எனக்குக் கையசச்சிட்டுப் போனா."

"அப்போ சொல்லுய்யா."

"யோவ், வெண்டல் ஸ்ட்ரவுட்கிட்ட தோத்தவன்னு அம்பது வருஷமா பேர் வாங்கிட்டுத் திரியறேன். அதுவே கேவலம். பொண வண்டிகிட்ட தோத்தவன்னு வேற ஆகணுமா? அதுவும் என்னை முந்திட்டுப் போன பொண வண்டி. நியாயமா அது நமக்குப் பின்னாலதான வரணும்?"

டெல்பர்ட் லோர்னாவிடம் போய்ப் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

ஆக வெண்டலுக்குப் பலகை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவருடைய புகழ் ஒரு சுற்றுப் பெருத்தது. காப்பிக்கடையில் ஜன்னலோர நாற்காலிக்கு மெத்தை போட்டார்கள்.

பலகையைச் சுவரில் மாட்ட நாலு மூலையிலும் திருகுக்குத் துளை வேண்டியிருந்தது. டிரில்லை ஆர்டித் வாங்கிக்கொண்டார். நாலையும் சுத்தமாகப் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'வெண்டல்' என்ற பெயரின் நட்டநடுவில் ஐந்தாவதாக ஒன்று போட்டார்.

"அது எதுக்கு மிசஸ் ஸ்ட்ரவுட்?" என்று லோர்னா கேட்டார்.

"எடை குறையட்டும்னு" என்றார் ஆர்டித்.

வெண்டல் அந்தத் துளையில் விரல் வைத்துப் பார்த்தார். பிசிறு இல்லை. தான் போட்ட நானூற்றுப் பன்னிரண்டில் எதுவும் அவ்வளவு நேராக இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

லோர்னாவின் அதே அருங்காட்சியகத்தில், இரண்டாவது அலமாரியில், ஊர் வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்பு இருக்கிறது: 1962 அக்டோபர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டூலி ஃப்ளாட்ஸில் விடிந்ததிலிருந்து அடைமழை, பந்தயம் நடக்கவில்லை.